ஆண்டுதோறும் வரும் தும்மல்

சில குழந்தைகளுக்கு ஒவ்வோர் ஆண்டும் ஒரே காலத்தில் தும்மல் வரும். காலையில் எழுந்ததும் அடுக்கடுக்காகத் தும்முவார்கள். மூக்கு ஒழுகும். கண் சிவக்கும். "மழையில் நனைந்தான், சளி பிடித்துவிட்டது" என்று பெற்றோர் சொல்வார்கள். கடையில் மாத்திரை வாங்கிக் கொடுப்பார்கள். இரண்டு நாள் அடங்கும். மறுபடியும் வரும்.

இது சாதாரணச் சளி அல்ல. இதற்கு ஒவ்வாமை என்று பெயர். அலர்ஜி என்றும் சொல்வார்கள்.

ஒவ்வாமை என்றால் என்ன?

நம் உடலுக்குள் ஒரு காவல் இருக்கிறது. நோய்க் கிருமி நுழைந்தால் அது எதிர்த்து நிற்கும். பூவில் இருந்து பறக்கும் மகரந்தத் தூள் கிருமி அல்ல. ஆனால் சில குழந்தைகளின் உடல் அதையும் பகை என்று நினைத்துவிடுகிறது. அதை வெளியே தள்ளப் பார்க்கிறது. அதனால்தான் தும்மலும் அரிப்பும் வருகின்றன. இது ஒருவரிடம் இருந்து மற்றவருக்குத் தொற்றாது. தாய் தந்தைக்கு இருந்தால் பிள்ளைக்கும் வர வாய்ப்பு அதிகம்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

சாதாரணச் சளியில் காய்ச்சல் வரலாம். வீட்டில் மற்றவருக்கும் பரவும். ஒரு வாரம், பத்து நாளில் போய்விடும்.

ஒவ்வாமையில் காய்ச்சல் இராது. மூக்கில் தண்ணீர் போல ஒழுகும். மூக்கு, கண், மேல் அண்ணம் அரிக்கும். குழந்தை உள்ளங்கையால் மூக்கை மேல்நோக்கித் தேய்க்கும். வாயால் மூச்சு விடும். இரவில் சரியாகத் தூங்காது. பள்ளியில் சோர்ந்து உட்காரும். பல வாரம் நீடிக்கும். அடுத்த ஆண்டும் அதே காலத்தில் வரும்.

காரணம் என்ன?

ஊருக்கு ஊர் காரணம் மாறும். டில்லியில் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் மரங்களின் மகரந்தம் மிகுதி. பெங்களூரில் பார்த்தீனியம் செடி ஒரு முக்கியக் காரணம். காங்கிரஸ் புல் என்றும் இதைச் சொல்வார்கள். இலை காரட் இலையைப் போல இருக்கும். பூ சிறியது, வெள்ளை நிறம். காலி மனைகளிலும் சாலை ஓரங்களிலும் வளரும். மழை பெய்ததும் முளைத்து, சில வாரங்களில் பூக்கும்.

இது அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1950-களில் புனே நகரில் இது கவனிக்கப்பட்டது. பிறகு நாடெங்கும் பரவியது. 1984-ல் இதன் இலையைத் தின்னும் மெக்சிகோ வண்டுகளைப் பெங்களூரில் விட்டார்கள். ஆனாலும் செடி ஒழியவில்லை. ஒரே செடி ஆயிரக்கணக்கான விதைகளைத் தரும்.

ஈரச் சுவரில் படரும் பூஞ்சணமும், பாய் தலையணைத் தூசியும் கூட ஒவ்வாமை தரும்.

வீட்டில் என்ன செய்யலாம்?

- வெளியே விளையாடி வந்ததும் முகம், கை கால் கழுவி, உடை மாற்றச் சொல்லுங்கள்.
- பூக்கும் காலத்தில் துணியை அந்தச் செடிகளுக்கு அருகில் உலர்த்தாதீர்கள்.
- போர்வை, தலையணை உறையை வாரம் ஒரு முறை சுடுநீரில் துவையுங்கள்.
- தரையை ஈரத் துணியால் துடையுங்கள். பெருக்கும்போது குழந்தையை வெளியே அனுப்புங்கள்.
- பீடிப் புகை, அடுப்புப் புகை, கொசுவர்த்திப் புகை குழந்தை அருகில் வேண்டாம்.
- பார்த்தீனியத்தைப் பூக்கும் முன்பே வேரோடு பிடுங்க வேண்டும். கையுறை போட்டு, மூக்கை மூடிக்கொண்டு பெரியவர்கள்தான் பிடுங்க வேண்டும்.

மருத்துவரைப் பாருங்கள்

ஒவ்வாமைக்கு நல்ல மருந்துகள் உள்ளன. அரசு மருத்துவமனையில் காட்டலாம். கிருமியைக் கொல்லும் மாத்திரை இதற்குப் பயன்படாது. கண் சொட்டு மருந்தையும் நீங்களே வாங்கி விடாதீர்கள். சில சொட்டு மருந்துகளை நெடுநாள் விட்டால் பார்வை கெடும்.

சில குழந்தைகளுக்கு ஒவ்வாமையோடு இளைப்பும் சேரும். இரவில் இருமல் வரும். ஓடினால் மூச்சு வாங்கும். நெஞ்சில் விசில் போலச் சத்தம் கேட்கும். இதற்கு மருத்துவர் இன்ஹேலர் தரலாம். "அது பழகிவிடும், பிறகு விடமுடியாது" என்று அக்கம் பக்கத்தில் பயமுறுத்துவார்கள். அது உண்மை அல்ல. இன்ஹேலர் மருந்து நேராக நுரையீரலுக்குப் போகிறது. அதனால் கொஞ்ச மருந்தே போதும். குணம் தெரிந்ததும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மருத்துவரைக் கேட்டே நிறுத்துங்கள்.

இது ஆபத்து!

மூச்சு விடும்போது விலா எலும்புகளுக்கு இடையே சதை உள்ளே இழுக்கிறதா? குழந்தையால் பேச முடியவில்லையா? உதடு நீலமாகிறதா? ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள். 108-க்குப் போன் செய்யுங்கள். உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

எழுதி வையுங்கள்

இப்போது உங்களுக்கு எழுதத் தெரியும். குழந்தை தும்முகிற நாளைக் காலண்டரில் குறியுங்கள். அன்று எங்கே விளையாடியது, இரவில் இருமியதா என்றும் எழுதுங்கள். அதை மருத்துவரிடம் காட்டுங்கள். காரணத்தைக் கண்டுபிடிக்க அது அவருக்கு உதவும். அடுத்த ஆண்டு அந்த மாதம் வருமுன்னே நீங்களும் தயாராக இருக்கலாம்.

பேசிப் பாருங்கள்

1. சளிக்கும் ஒவ்வாமைக்கும் என்ன வேறுபாடு?
2. உங்கள் தெருவில் பார்த்தீனியம் எங்கே வளர்கிறது? அதை எல்லோரும் சேர்ந்து எப்போது பிடுங்கலாம்?
3. எந்த அறிகுறி கண்டால் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்?