மூளைக்குப் போகும் ரத்தம்

ஏற்காடு மலையில் மலையாளிப் பழங்குடி மக்கள் வாழும் ஊர்களில் ஒன்று மாரமங்கலம். காபிக்கும் மிளகுக்கும் நடுவே நாள் முழுக்க மேடேறி இறங்கும் உடம்புக்கு மறதி நோய் வராது, வந்தாலும் அது வயதின் இயல்பு என்று நினைப்பது எளிது. 2023இல் வெளியான தேசிய அளவிலான கணக்கீடு வேறு விதமாகச் சொல்கிறது. 60 வயதைக் கடந்த இந்தியர்களில் 7.4 சதவீதத்தினருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா எனும் மறதி நோய் இருக்கிறது. நகரத்தில் 5.3 சதவீதம், கிராமத்தில் 8.4 சதவீதம். ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகம். பள்ளிப் படிப்பு கிடைக்காமல் போனது இந்த வேறுபாட்டுக்கு ஒரு முக்கியக் காரணம். எழுபது வயதில் அதை ஈடுசெய்வது கடினம். ஆனால் அந்த வயதிலும் ரத்தக் கொதிப்பைக் கட்டுக்குள் கொண்டுவரலாம். மலைக்கிராமங்களில் மறதி நோயைத் தள்ளிப்போட, இன்று கைக்கு எட்டும் வழிகளில் முதன்மையானது அதுதான் என்பேன்.

உடல் எடையில் மூளை 2 சதவீதம்தான். ஆனால் உடல் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கு அதற்கே போகிறது. நாளொன்றுக்கு நூறு கிராமுக்கு மேல் குளுக்கோஸும் வேண்டும். கல்லீரலும் தசையும் சர்க்கரையைச் சேர்த்து வைக்கும். மூளையிடம் அப்படிச் சொல்லும்படியான இருப்பு இல்லை. நிமிடத்துக்கு முக்கால் லிட்டர் ரத்தம் ஓடிவந்துகொண்டே இருக்க வேண்டும். அடியோடு நின்றால் சில நொடிகளில் நினைவு தப்பும். இந்த ஓட்டத்தை மனிதரிடம் அளக்கும் முறையை 1940களில் அமெரிக்காவில் கெட்டியும் ஷ்மிட்டும் உருவாக்கினார்கள். வயது ஏற ஏற ஓட்டம் மெல்லக் குறைகிறது. ரத்தக் கொதிப்பு பல ஆண்டுகள் நீடித்தால் மூளைக்குள் ஊடுருவும் நுண்தமனிகளின் சுவர் தடித்து, தேவைப்படும்போது விரியும் திறனை இழக்கிறது. ஒரு பகுதி கூடுதலாக உழைக்கும் நேரத்தில் அங்கே கூடுதல் ரத்தம் போய்ச் சேர்வதில்லை. பக்கவாதம் என்று தெரியாத அளவுக்குச் சின்னச் சின்னச் சேதங்கள் ஆழத்தில் சேர்கின்றன. (மலையின் உயரத்துக்கு இதில் பங்கில்லை. ஏற்காட்டின் 1,500 மீட்டரில் ரத்தத்தின் ஆக்சிஜன் அவ்வளவாகக் குறையாது.)

அல்சைமர் என்பது அமிலாய்டு புரதம் படிவதால் வரும் நோய், ரத்தக்குழாய்க்கு அதில் என்ன வேலை என்று கேட்கலாம். புரதம் படிவது உண்மை. ஆனால் இறந்த முதியவர்களின் மூளையைச் சோதித்தால் புரதப் படிவும் குழாய்ச் சேதமும் சேர்ந்தே இருப்பதுதான் அடிக்கடி காணக்கிடைக்கிறது. அதே அளவு படிவிலும் குழாய்ச் சேதம் கூடியவருக்கு மறதி முன்னதாக வெளிப்படுகிறது. அடுத்த கேள்வி இன்னும் கூர்மையானது: சுருங்கிய மூளைக்குத் தேவை குறைவு, அதனால்தான் ரத்தமும் குறைகிறதோ? ஓரளவு அப்படியும் நடக்கிறது. மூளையின் ஸ்கேன் படத்தை மட்டும் பார்த்து இதைத் தீர்க்க முடியாது. கொதிப்பைக் குறைத்துப் பார்த்தால்தான் தெரியும். 2025இல் வெளியான சீன ஆய்வு அதைச் செய்தது. 326 கிராமங்கள், ஏறத்தாழ 34,000 பேர், நான்கு ஆண்டுகள். மாத்திரையை முறைப்படுத்தியவர்கள் நிபுணர்கள் அல்லர், ஊர் மருத்துவப் பணியாளர்கள். அந்தக் கவனிப்பு கிடைத்த கிராமங்களில் டிமென்ஷியா 15 சதவீதம் குறைந்தது. பிரஷரைக் குறைத்தால் வயதான மூளைக்கு ரத்தம் போதாமல் போகும் என்ற அச்சமும் உண்டு. அமெரிக்காவின் ஸ்பிரின்ட் ஆய்வில் மேல் அளவை 120க்குக் கீழே வைத்தவர்களுக்கு மூளை ரத்த ஓட்டம் குறையவில்லை, சற்றுக் கூடியது. எழுந்து நிற்கும்போது தலைசுற்றுபவர்களுக்கு மட்டும் அளவைப் பார்த்துப் பார்த்துக் குறைக்க வேண்டும்.

அந்தச் சீனக் கிராமங்களில் நடந்ததற்கு நெருக்கமான ஏற்பாடு நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், பெண் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து பிரஷரும் சுகரும் பார்த்து மாத்திரை தருகிறார்கள். சேலத்துக்கு இறங்க இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்க வேண்டிய மலையில் இந்த வருகை மிகப் பெரிய உதவி. அது மாதம் தவறாமல் நடக்க வேண்டும். மாத்திரை கொடுத்ததோடு நிற்காமல் அளவு இறங்கியதா என்று பார்த்து, இறங்கவில்லையென்றால் மருந்தை மாற்ற மருத்துவருக்குச் சொல்ல வேண்டும். அப்படியே திண்ணையில் உட்கார்ந்து, பெரியவருக்குச் சமீபத்தில் பேரோ வழியோ மறக்கிறதா என்று மருமகளிடமும் ஒரு வார்த்தை கேட்கலாம்.