அலமாரிப் பிசுக்கும் பாலாற்றங்கரைத் தண்ணீரும்

ரம்ஜானுக்கு முன்னும் பொங்கலுக்கு முன்னும் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வீடுகளில் நடக்கும் பெரிய சுத்திகரிப்பில், சுவருக்கு வெள்ளையடித்து, பரணில் கிடந்த அண்டாக்களை இறக்கித் துலக்கி, ஜமக்காளங்களை உதறி வெயிலில் போட்டு முடித்த பிற்பாடும், வீட்டுப் பெண்களின் பொறுமையைச் சோதிப்பதற்கென்றே ஒன்று மிஞ்சி நிற்கும்: அடுப்புக்கு மேலே இருக்கும் அலமாரிக் கதவுகளில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கு. கைப்பிடியின் அடியோரத்தில் விரலை வைத்தால் ஒட்டிக்கொள்ளும். நகத்தால் சுரண்டினால், தூசியும் எண்ணெயும் சேர்ந்து பழுப்பு நிறத்தில் சிறு சிறு உருண்டையாகத் திரளும். பிரியாணிக்கு வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்கி, அரைத்த மிளகாய் விழுதை எண்ணெய் பிரியும் வரையில் கிளறுகிற ஓர் ஊரில் இது அதிசயமன்று.

சட்டியிலே காயும் எண்ணெய், கண்ணுக்குத் தெரியாத திவலைகளாக ஆவியோடு மேலேறி, குளிர்ந்த பலகையில் போய் ஒட்டிக்கொள்கிறது. அன்றே துடைத்தால் அது வெறும் எண்ணெய்தான். விட்டுவைத்தாலோ, காற்றிலுள்ள பிராணவாயு அதனோடு கூடி, எண்ணெயின் அணுத்திரள்களை ஒன்றோடொன்று பின்னிப் பிணைத்து, மரச்சாமான்களுக்குப் பூசும் வார்னிஷைப் போன்ற ஒரு தோலாக மாற்றிவிடுகிறது. சூரியகாந்தி எண்ணெயும் நல்லெண்ணெயும் இவ்வாறு இறுகும் சுபாவம் உடையவை. தேங்காயெண்ணெய்க்கு அந்தக் குணம் மிகவும் குறைவு. பழைய பிசுக்கு சாதாரண சோப்புக்கு அசைந்து கொடுக்காததன் ரகசியம் இதுவே. நாம் துடைக்க முயல்வது எண்ணெயை அன்று, எண்ணெயால் ஆன ஒரு பூச்சை.

தோல் பதனிடும் இந்த வட்டாரத்து ஜனங்களுக்குக் கொழுப்பை அகற்றும் வித்தை புதிதன்று என்பதுதான் இதில் உள்ள வேடிக்கை. ஆட்டுத்தோலில், விசேஷமாகச் செம்மறியாட்டுத் தோலில், இயற்கையாகவே கொழுப்பு மிகுதி. அதை நீக்காமல் பதனிட்டால் சாயம் திட்டுத்திட்டாக ஏறும், நாளடைவில் தோலின் மேல் வெண்படலமாகவும் பூக்கும். ஆகையால் டேனரிகளில் தோலைச் சுண்ணாம்பில் ஊறவைக்கும் கட்டத்திலேயே கொழுப்பின் ஒரு பகுதி காரத்தோடு சேர்ந்து ஒருவகைச் சோப்பாகிவிடுகிறது. எஞ்சியதைப் பிற்பாடு, டிரம்மிலே சுழலவிட்டு, அழுக்கு நீக்கும் திரவங்களால் கழுவி எடுக்கிறார்கள். இவ்வளவு பாடுபட்டுக் கொழுப்பை எடுத்த அதே தோல் வறண்டு விறைத்துப் போகாதிருக்க, கடைசியில் நீரில் கரையும்படி பக்குவம் செய்த எண்ணெயை மறுபடியும் ஊட்டுவார்கள் என்பது வேறு கதை. அங்கே தேய்ப்புக்கு முக்கியத்துவம் இல்லை. காரம், இளஞ்சூடு, காலம் ஆகிய மூன்றுமே வேலையைச் செய்கின்றன. அடுக்களையில் நாம் செய்யும் பிழையெல்லாம், இம்மூன்றுக்கும் இடம் கொடாமல், எடுத்த எடுப்பில் கம்பி நாரைக் கையில் எடுப்பதுதான்.

பிசுக்கின் இறுக்கத்துக்கு அடுத்த இடையூறு தண்ணீர். பாறை நிலத்துக் கிணற்று நீரில் சுண்ணச்சத்தும் மெக்னீசியமும் இயல்பாகவே அதிகம். சோப்பு அவற்றோடு சேர்ந்தால் நுரைக்காமல் வெண்மையான சிக்காகத் திரிந்து, துடைத்த பலகையிலேயே மறுபடியும் படிகிறது. இத்துடன், பச்சைத்தோல் கெடாதிருக்கத் தடவும் உப்பும், பதனிட்ட கழிவும் பல ஆண்டுகளாகப் பாலாற்றுப் படுகையில் இறங்கி நிலத்தடி நீரைக் கெடுத்தன. இதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நலப் பேரவை 1991-இல் தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று அளித்த தீர்ப்பு இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்திலேயே ஒரு மைல்கல். மாசு செய்தவரே அதற்கு ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாட்டை அது இந்நாட்டின் சட்டமாகவே ஏற்றது. சட்டம் வந்தது, கிணற்று நீரின் கடினம் அதனால் குறைந்துவிடவில்லை. ஆகவே உப்புத்தண்ணீர் வரும் வீடுகளில் இந்த வேலைக்கென்று ஒரு வாளி குடிநீரையோ மழைநீரையோ ஒதுக்குவது வீண்செலவு ஆகாது.

சோப்பை விட இங்கே பிரயோஜனமானது சலவைச் சோடா. அது கடின நீரை மென்மையாக்குகிறது. பிசுக்கின் ஒரு பகுதியை அவ்விடத்திலேயே சோப்பாகவும் மாற்றுகிறது. ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் இரண்டு தேக்கரண்டி கரைத்து, கையுறை அணிந்து, துணியை நனைத்து நன்றாகப் பிழிந்து, கதவின் மேல் ஒற்றிப் பத்து நிமிஷம் விட்டுவிட வேண்டும். பிறகு துடைத்தால் மஞ்சளாகக் கரைந்து வரும். வெறுந்தண்ணீர்த் துணியால் மறுபடி துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஈரத்தை ஒற்றி எடுப்பது அவசியம். ஏனெனில் சன்மைக்கா ஒட்டிய பலகையின் ஓரத்தில் நீர் புகுந்தால் பலகை ஊதிவிடும். அலுமினியச் சட்டங்களுக்கும் பாலிஷ் போட்ட தேக்குக்கும் சோடா ஆகாது. முன்னது மங்கும், பின்னதின் பாலிஷ் போய்விடும். தேக்குக்குச் சீயக்காய்த் தூளோ பூந்திக்கொட்டை ஊறிய நீரோ ஏற்றது; இவற்றின் நுரை கடின நீரிலும் அவ்வளவாகக் கெடுவதில்லை. பாட்டிமார் எண்ணெய்ச் சட்டிக்குச் சீயக்காய் போட்டதில் நல்ல ரசாயனம் இருந்திருக்கிறது. இறுகிப்போன பிசுக்குக்குச் சிறிது தேங்காயெண்ணெய் தடவி ஊறவிட்டு, பின் கழுவுவதும் உண்டு. எண்ணெயை எண்ணெயே இளக்கும்.

ஆப்ப சோடாவையும் வினிகரையும் கலந்து பூசச் சொல்லும் யோசனை இப்போது எங்கும் பரவியிருக்கிறது. கலந்ததும் பொங்குவது பார்வைக்கு அழகுதான். ஆனால் பொங்குவது கரியமில வாயு, எஞ்சுவது காரமுமற்ற புளிப்புமற்ற உப்பு நீர். வினிகர் குழாயடியில் படிந்த சுண்ணக் கறைக்கு உதவும். பிசுக்குக்கு அதனால் பலன் சொற்பமே. இதைவிட அபாயமானது மண்ணெண்ணெய். பிசுக்கை அது கரைக்கும் என்பது வாஸ்தவம். அடுப்படியில் அதை உபயோகிப்பதைவிட அலமாரி அழுக்காகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

பிரியாணி செய்த அன்று மாலையே, அடுப்பை அணைத்து அலமாரி நன்கு ஆறிய பின், வெதுவெதுப்பான நீரில் பிழிந்த துணியால் அடுப்புக்கு மேலுள்ள இரண்டு கதவுகளை மட்டுமாவது ஒருமுறை துடைத்துவிடுங்கள். அந்த நேரத்தில் சோடாவுக்கும் சீயக்காய்க்கும் வேலையே இராது.