காரை விட்டு மேலே ஏறுங்கள்

அமெரிக்காவின் கொலராடோ மாநில மலைச்சாலைகளில் ஓர் அறிவிப்புப் பலகை அடிக்கடி கண்ணில் படும். கீழே அலையடிக்கும் தண்ணீர், சரிவில் தொற்றி ஏறும் ஓர் ஆள். 'திடீர் வெள்ளம் வந்தால் மேலே ஏறித் தப்புங்கள்' என்பது அதன் பொருள். வேகத்தைக் குறை, வளைவு வருகிறது என்றுதான் சாலையோரப் பலகைகள் சொல்லும். இது வண்டியையே விட்டுவிடச் சொல்கிறது. இந்த வாசகத்துக்குப் பின்னால் 140-க்கும் மேற்பட்ட உயிர்கள் இருக்கின்றன.

1976 ஜூலை 31, சனிக்கிழமை. கொலராடோ தனி மாநிலமாகி மறுநாளோடு நூறு ஆண்டுகள். விடுமுறைக் கூட்டம் பிக் தாம்சன் பள்ளத்தாக்கில் நிரம்பியிருந்தது. ஆறு என்று பெயர், பல இடங்களில் முழங்கால் அளவுதான் தண்ணீர். சாயங்காலம் பள்ளத்தாக்கின் தலைப்பக்கம் இடிமேகம் திரண்டது. வழக்கமாக உயரத்தில் வீசும் காற்று இப்படிப்பட்ட மேகங்களைக் கிழக்கே சமவெளிக்குத் தள்ளிக்கொண்டு போய்விடும். அன்று அந்தக் காற்று அடங்கிக் கிடந்தது. கீழேயோ, கிழக்கிலிருந்து வந்த ஈரக்காற்று மலையில் மோதி மேலேறி மேகத்துக்கு ஓயாமல் தீனி போட்டது. மேகம் நின்ற இடத்திலேயே நின்று கொட்டியது. சுமார் நான்கு மணி நேரத்தில் சில இடங்களில் 30 செ.மீ. மழை. பாறைச் சரிவில் அதைக் குடிக்க மண் ஏது? பள்ளத்தாக்கின் வாயில் விநாடிக்கு 31,200 கன அடி தண்ணீர் பாய்ந்தது. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்துவிட்ட சுமார் 29,000 கன அடி சென்னைக்காரர்களுக்கு நினைவிருக்கும். அதைவிட அதிகமான தண்ணீர், ஒரு மலை இடுக்கு வழியாக.

கீழ்ப்பகுதியில் இருந்தவர்களுக்குப் பெரிய மழையே இல்லை. காட்டாற்று வெள்ளத்தின் கொடுமை இதுதான்: மழை ஓரிடம், சாவு வேறிடம். 2024 மே மாதம் பழைய குற்றால அருவியில் ஒரு மாணவரை அடித்துச் சென்ற வெள்ளமும் மேலே மலையில் பெய்த மழையால் வந்ததே.

அன்றிரவு ஹியூ பர்டி என்ற நெடுஞ்சாலைக் காவல் அதிகாரி, மக்களை எச்சரிக்கப் பள்ளத்தாக்குக்குள் போனார். வயர்லெஸ்ஸில் வெள்ளத்தைப் பற்றித் தகவல் கொடுத்துக்கொண்டிருந்தவரையே வெள்ளம் கொண்டுபோயிற்று. பலர் காரில் ஏறி ஆற்றோடு ஒட்டிய சாலையில் கீழ்நோக்கி விரட்டினார்கள். சாலை போகும் வழிதான் தண்ணீர் போகும் வழியும். காரைப் போட்டுவிட்டுச் சரிவில் ஏறியவர்கள், நனைந்து நடுங்கியபடி இரவைக் கழித்துப் பிழைத்தார்கள்.

அதற்குப் பிறகு கருவிகள் வெகுதூரம் முன்னேறிவிட்டன. 1990-களில் அமெரிக்கா முழுக்க டாப்ளர் ரேடார்கள் வந்தன. மேகத்தில் துளிகள் எவ்வளவு அடர்த்தி, காற்று எந்தப் பக்கம் சுழல்கிறது என்பது சில நிமிடங்களுக்கு ஒருமுறை தெரியும். ஏற்கெனவே ஊறிய மண் இன்னும் எவ்வளவு மழை தாங்கும் என்ற கணக்கையும் அதோடு சேர்த்துப் பார்க்கிறார்கள். 2007 முதல் எச்சரிக்கை மாவட்டம் முழுமைக்கும் போவதில்லை. ஆபத்துள்ள பகுதியை மட்டும் வரைபடத்தில் கோடு கிழித்துக் காட்டுகிறார்கள். இதில் இரண்டு படிகள் உண்டு. முதலாவது, வரலாம், தயாராக இருங்கள். இரண்டாவது, வந்துவிட்டது, அல்லது வரப்போகிறது, உடனே கிளம்புங்கள். இடிமழைக்கும் இதே முறைதான். காற்று மணிக்கு 93 கி.மீ. வேகத்தைத் தொட்டாலோ, ஆலங்கட்டி இரண்டரை செ.மீ. பருமன் இருந்தாலோ இரண்டாம் படி எச்சரிக்கை. 2012 முதல் உயிருக்கு ஆபத்தான எச்சரிக்கைகள் செல்போனிலேயே அலறுகின்றன.

இவ்வளவும் இருந்தும் 2025 ஜூலை 4 அதிகாலையில் டெக்சாஸ் மலைப்பகுதியில் 130-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். குவாடலூப் ஆறு 45 நிமிடத்தில் 26 அடி உயர்ந்தது. எச்சரிக்கை வரவில்லை என்று சொல்ல முடியாது; நள்ளிரவு தாண்டி 1.14 மணிக்கே வந்துவிட்டது. ஆனால் அது விடுமுறை நாள், ஆற்றங்கரை முகாம்களில் குழந்தைகள் உறங்கும் நேரம், சிக்னல் சரியாகக் கிடைக்காத மலை இடுக்கு. ரேடாரிலிருந்து செல்போன் கோபுரம்வரை நூற்றுக்கணக்கான கி.மீ. நொடியில் கடந்த செய்தி, கோபுரத்துக்கும் தலையணைக்கும் நடுவே நின்றுபோனது. என் பார்வையில், இனி பணமும் உழைப்பும் அதிகம் போகவேண்டியது இந்தக் கடைசித் துண்டுக்குத்தான்.

அதே ஆற்றின் கீழ்ப்பக்கம் கம்ஃபர்ட் என்றொரு சின்ன ஊர். அங்கே தன்னார்வத் தீயணைப்புப் படையினர் பணம் திரட்டி வெள்ளச் சைரனைப் புதுப்பித்து வைத்திருந்தார்கள். அன்று காலை தீயணைப்பு வண்டிகள் தெருத்தெருவாகப் போய் மக்களைக் கிளப்பின. சைரன் ஏற்ற இறக்கமில்லாமல் நீளமாக ஒலித்தது. அந்த ஒலி கேட்டால் வெளியேற வேண்டும் என்பது ஊருக்கே தெரியும். கம்ஃபர்ட்டில் ஒருவரும் சாகவில்லை.