மழை வந்தால் வயலுக்கு ஏன் பயம்? சுரங்கத்தின் வண்டல் குளம் செய்யும் வேலை

கோவாவில் இரும்புத்தாது சுரங்கங்களை ஒட்டிய நெல் வயல்களுக்கு ஜூன் வந்தாலே பயம்தான். ஆண்டுக்குச் சுமார் 3,000 மி.மீ. மழை, பெரும்பகுதி செப்டம்பருக்குள் கொட்டிவிடும். கழிவு மண் மேடுகளைக் கரைத்துக்கொண்டு வரும் செந்நிறத் தண்ணீர் வயலில் படிந்தால், பயிர் அவ்வளவுதான். அதைத் தடுக்கத்தான் வண்டல் குளம்.

தண்ணீரை மெதுவாக்கினால் மண் தானாக அடியில் இறங்கும். ஆனால் எல்லாம் ஒரே வேகத்தில் இறங்காது. 0.1 மி.மீ. மணல் ஒரு மீட்டர் இறங்க 2 நிமிடம் போதும். 0.01 மி.மீ. துகளுக்கு 3, 4 மணி நேரம். 0.001 மி.மீ. களிமண்ணுக்கோ கிட்டத்தட்ட இரண்டு வாரம்! அதனால்தான் படிகாரம் போன்றவற்றைக் கலந்து துகள்களைத் திரள வைக்கிறார்கள்.

'ஆழமா வெட்டினா போதாதா?' போதாது. துகள் படிவதற்குக் குளத்தின் பரப்புதான் முக்கியம். ஆழம், சேறு சேர்வதற்கான இடம். தண்ணீர் நுழையும் வாயும் வெளியேறும் வாயும் எதிரெதிர் முனையில் இருக்கணும். பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் குறுக்கே ஓடிவிடும்.

எவ்வளவு நல்லா வெட்டினாலும், கோட்டை விடுவது தூர்வாருவதில்தான். சேறு நிரம்பிய குளத்தில் தண்ணீர் நிற்காது. படிந்ததையும் கிளப்பிக்கொண்டு ஓடும். ஆற்றில் விடும் கழிவுநீரில் மிதக்கும் துகள்களுக்கு இந்தியாவில் உள்ள பொது வரம்பு, லிட்டருக்கு 100 மில்லிகிராம். எனவே மே மாதத்துக்குள் தூர்வாரி முடிக்கணும். அள்ளிய சேற்றைக் கரையிலேயே குவித்தால்? முதல் மழையிலேயே அது திரும்பவும் குளத்துக்குள்.