ஹோனஸ் வாக்னர்: பிட்ஸ்பர்க்கின் ஷார்ட்ஸ்டாப்

பென்சில்வேனியாவின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் குடும்பத்தில் 1874இல் பிறந்த ஹோனஸ் வாக்னர், 1897இல் லூயிவில் பேஸ்பால் அணியில் சேர்ந்தார். 1900 முதல் 1917 வரை பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணிக்கு ஆடினார். இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே நின்று பந்தை மறிக்கும் ஷார்ட்ஸ்டாப் இடம்தான் அவருக்குப் பெரும்பேர் வாங்கித் தந்தது. வளைந்த கால்கள், அகன்ற கைகள். உருண்டு வரும் பந்தை மண்ணோடு அள்ளி முதல் பேஸுக்கு வீசிவிடுவார். மட்டையிலும் குறை வைக்கவில்லை: பைரேட்ஸ் ஆடிய நேஷனல் லீகின் பேட்டிங் சராசரியில் 8 முறை முதலிடம். 1909 உலகத் தொடரில் நட்சத்திர ஆட்டக்காரர் டை காப் ஆடிய டெட்ராய்ட் அணியை பைரேட்ஸ் வென்றபோது, வாக்னர் 6 பேஸ்களைத் திருடினார், அதாவது பந்து அடிக்கப்படும் முன்பே அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்ந்தார். அத்தனை துடிப்போடு ஓடியபோது அவருக்கு வயது 35. பேஸ்பால் புகழரங்கத்துக்கு 1936இல் முதன்முதலாகத் தேர்வான ஐவரில் அவரும் ஒருவர்.