திரைக்கு முன்னே நம் வீட்டுப் பிள்ளை

பொன்மலைத் தோழர்களே! பாலக்கரை, அரியமங்கலம், துவாக்குடித் தோழர்களே!

உங்கள் வீட்டுப் பெண் படித்துவிட்டாள். குடும்பத்தின் முதல் பட்டதாரி. வேலைக்கு மனுப் போட்டாள். பேட்டிக்கு அழைப்பும் வந்துவிட்டது. எங்கே பேட்டி? சென்னையிலா? பெங்களூரிலா? அல்ல, அல்ல! உங்கள் வீட்டுக் கூடத்திலே! கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே, கையகலத் திரைக்கு முன்னே! வேலை கிடைத்தால் அதுவும் அதே கூடத்தில்தான். முதலாளி எந்தச் சீமையிலோ இருப்பார். சம்பளம் மட்டும் வங்கிக் கணக்குக்கு வந்து சேரும்.

2020 மார்ச் 24 இரவு ஊரடங்கு அறிவிக்கப்பட்ட பிறகு நாடெங்கும் பரவிய ஏற்பாடு இது. நோய் தணிந்தது, பல கம்பெனிகள் ஆட்களைத் திரும்ப அழைத்துக்கொண்டன. ஆனாலும் வீட்டிலிருந்தே பார்க்கும் வேலை அற்றுப்போகவில்லை. திரையிலே பேட்டி நடத்தும் பழக்கமோ நிலைத்தேவிட்டது. ரயிலேறி, விடுதி தேடி, வெளியூர் போய்வரும் செலவு ஏழைக்கு மிச்சம். நல்லதுதான். மறுக்கவில்லை.

ஆனால் பேட்டி என்றாலே நம் இயக்கத்துக்கு ஒரு சந்தேகம் உண்டு. காரணமில்லாத சந்தேகமா அது? எழுத்துத் தேர்வில் விடைத்தாளுக்கு முகம் கிடையாது. பேட்டியிலோ முகமே விடைத்தாள்! யார் பிள்ளை, எந்தத் தெரு, நாக்கில் இங்கிலீஷ் எப்படிப் புரளுகிறது என்று பார்த்துப் பார்த்தே நாற்காலிகள் நிரப்பப்பட்ட காலம் ஒன்று இருந்தது. 1913-ல் சென்னை மாகாணத்தில் நிரந்தர மாவட்ட முன்சீபுகள் 128 பேர்; அவர்களில் 93 பேர் பார்ப்பனர். 1916 டிசம்பரில் வெளிவந்த பார்ப்பனரல்லாதார் அறிக்கை எடுத்துக்காட்டிய கணக்கு இது. காவிரிக்கு அக்கரையில், சீரங்கத்து வீதிகளில், தாத்தா காலத்திலேயே இங்கிலீஷ் புகுந்த வீடுகள் இருந்தன. இக்கரையில் பொன்மலைப் பட்டறையில் சம்மட்டி பிடித்தவன் வீட்டிலோ கையெழுத்துப் போடத் தெரிந்தவனே அதிசயம்! இருவரையும் ஒரே மேசைக்கு முன் உட்காரவைத்து, “சரளமாகப் பேசுபவனுக்கே வேலை” என்றால் அதற்குப் பெயர் போட்டியா?

அதனால்தான் நீதிக்கட்சி ஆட்சி 1921-ல் வகுப்புவாரி ஆணை போட்டது. முத்தையா முதலியார் 1927-ல் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். அதனால்தான் 1929-லேயே, இந்தியாவின் வேறு எந்த மாகாணத்திலும் இல்லாத சர்வீஸ் கமிஷன் சென்னையிலே தோன்றியது. பிறகு 1981-ல் உச்ச நீதிமன்றமும் பேசிற்று. காஷ்மீரத்துச் சீநகர் மண்டலப் பொறியியல் கல்லூரியில் எழுத்துத் தேர்வுக்கு 100 மதிப்பெண், பேட்டிக்கு 50. பேட்டியோ இரண்டு மூன்று நிமிடம்! “பேட்டிக்கு நூற்றுக்குப் பதினைந்துக்கு மேல் கூடாது” என்றது அஜய் ஹாசியா வழக்கின் தீர்ப்பு. ஒன்றிய அரசும் 2016 ஜனவரி 1 முதல் கீழ்நிலைப் பதவிகளுக்குப் பேட்டியையே எடுத்துவிட்டது.

தனியார் கம்பெனிக்கு இந்த வேலி எதுவும் கிடையாது. அங்கே பேட்டியே எல்லாம்!

வேடிக்கை ஒன்று கேளுங்கள். அமெரிக்காவின் பெரிய இசைக்குழுக்கள் 1970-களிலிருந்து ஒரு வழக்கத்தைக் கைக்கொண்டன. வாசிப்பவருக்கும் தேர்வாளருக்கும் நடுவே திரை போட்டார்கள். ஆணா பெண்ணா, கறுப்பா வெள்ளையா, ஒன்றும் தெரியாது. காதுக்கு மட்டுமே வேலை. பெண்களுக்குக் கதவு திறந்ததில் அந்தத் திரைக்கும் பங்கு உண்டு. அந்தத் திரை மறைத்தது. நம் பெண்ணுக்கு முன்னே இருக்கும் திரையோ காட்டிக்கொடுக்கிறது! சுண்ணாம்பு உதிர்ந்த சுவர், கொடியில் காயும் வேட்டி, தம்பியின் அழுகை, அடுப்பில் குக்கரின் கூப்பாடு, அத்தனையும் கடல் கடந்து போகிறது.

மனிதன் பார்த்தால்தானே பேதம், இயந்திரம் பார்க்கட்டுமே என்பார் சிலர். இயந்திரம் யாரிடம் பாடம் படித்தது? அமேசான் கம்பெனி மனுக்களைச் சலிக்க ஒரு கணினி ஏற்பாடு செய்துபார்த்தது; பழைய மனுக்களைப் படித்துப் படித்து அது பெண்களை ஒதுக்கக் கற்றுக்கொண்டது; கம்பெனியே அதைக் கைவிட்ட சேதி 2018-ல் வெளிவந்தது. பேட்டியில் முகத்தசையை அளந்து மதிப்பிட்ட ஹயர்வியூ என்ற நிறுவனமும், எதிர்ப்புக் கிளம்பிய பின் 2021-ல் அந்த அளவையை விட்டுவிட்டதாக அறிவித்தது.

சரி, கேடு தெரிந்தது. பேட்டியோ நாளை மறுநாள். என்ன செய்வது?

திருவெறும்பூர் பாய்லர் ஆலைக்கோ பொன்மலைக்கோ பிட்டர் வேலைக்குப் போன தோழருக்கு டிரேடு டெஸ்ட் தெரியும். இரும்புத் துண்டைக் கொடுப்பார்கள், அரத்தைக் கொடுப்பார்கள். வாய்ப்பேச்சு அங்கே செல்லாது. உம் மகளுக்கும் அதையே சொல்லும்: “நீ செய்த வேலையைக் காட்டு.” கல்லூரியில் செய்த திட்டவேலை, தெருக்கடைக்கு எழுதிக்கொடுத்த கணக்கு நிரல், எதுவானாலும் சரி. என்ன சிக்கல், நீ என்ன செய்தாய், எங்கே தடுக்கியது, எப்படி நிமிர்ந்தாய் என்று மூன்று சம்பவங்களை வாய்விட்டுச் சொல்லிப் பழகட்டும். கண்ணாடி முன் அல்ல, உமக்கு முன். கம்ப்யூட்டர் தெரியாத அப்பனுக்கு விளங்கினால் கம்பெனிக்காரனுக்கும் விளங்கும்.

இங்கிலீஷ் பயமா? 1964 ஜனவரி 25-ல் திருச்சி ரயில் நிலையத்தில் கீழப்பழுவூர் சின்னசாமி தன்னையே தீக்கு இரையாக்கினாரே, எதற்காக? தமிழ் வாழ, இந்தி திணிக்கப்படாதிருக்க. 1968-ல் அண்ணாவின் அரசு தமிழும் ஆங்கிலமும் போதும் என்று தீர்மானம் நிறைவேற்றியது. அப்படிக் காக்கப்பட்ட சாளரம் அது. எட்டிப் பார்க்க நம் பெண் கூசுவானேன்? அமெரிக்கன் போல நாக்கைச் சுழற்ற வேண்டாம். சிறிய வாக்கியம், நிதானமான பேச்சு. விளங்காவிட்டால் “மறுபடி சொல்லுங்கள்” என்று கேட்பது இழிவல்ல.

வீட்டு ஏற்பாடு உங்கள் பொறுப்பு. மின்வாரியம் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்தும் நாள் நாளேட்டில் வரும். பேட்டித் தேதியோடு அதை ஒத்துப்பாருங்கள். வெளிச்சம் முகத்துக்கு எதிரே இருக்கட்டும், முதுகுக்குப் பின்னே வேண்டாம். கருவி கண்மட்டத்தில் நிற்கட்டும். இணைப்பு அறுந்தால் மாற, வேறு கம்பெனி சிம் போட்ட இன்னொரு செல்போன் பக்கத்தில் இருக்கட்டும். பேட்டி எடுப்பவரின் முகவரியைக் காகிதத்தில் எழுதிவைத்தால், அறுந்த உடனே தகவல் கொடுக்கலாம்.

மனுவில் “குடும்பப் பெயர்” என்று ஒரு கட்டம் இருக்கும். அங்கே தாத்தாவின் சாதிப் பட்டத்தைத் தூசி தட்டி எடுக்க வேண்டாம்! 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தூக்கி எறிந்த பட்டம் அது. தந்தையின் பெயரை எழுதினால் போதும். சாதி கடல் தாண்டாது என்று நினைப்பவர்கள் தெரிந்துகொள்ளட்டும்: 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகர மன்றம், அமெரிக்க நகரங்களிலேயே முதலாவதாக, சாதிப் பாகுபாட்டைத் தடை செய்ய நேர்ந்தது.

அவளும் கேட்கவேண்டும். வேலை நேரம் எந்த நாட்டுக் கடிகாரப்படி? இராத்திரி வேலையா? மடிக்கணினி யார் தருவது? வருங்கால வைப்புநிதி உண்டா? சோதனை வேலை என்று ஒருவாரம் சும்மா உழைக்கச் சொன்னால், அது சோதனையல்ல, சுரண்டல்! ஒன்றிய அரசு 2025 நவம்பர் 21-ல் நடப்புக்குக் கொண்டுவந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளோடு நமக்கு ஆயிரம் சண்டை உண்டு. ஆனாலும் நியமனக் கடிதம் தரவேண்டும் என்ற வரி அதிலே இருக்கிறது, அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். வேலை தருகிறேன், முன்பணம் கட்டு என்பவன் திருடன். தாய்லாந்தில் கணினி வேலை என்ற பேச்சை நம்பிப்போன தமிழ் இளைஞர்கள் 2022-ல் மியான்மரின் மியாவாடியில் மோசடிக் கூடாரங்களில் அடைபட்டது மறந்துவிடவில்லையே?

வேலை கிடைத்த பிறகு, “வீட்டில்தானே இருக்கிறாய், உலையை வை” என்று அண்ணன்மார் அதிகாரம் செய்யக்கூடாது. பட்டறையில் நிற்கும் உம்மிடம் யாராவது உலை வைக்கச் சொல்வார்களா?

இனி கழகத் தோழர்களுக்கு ஒரு விண்ணப்பம். சந்துக்குச் சந்து படிப்பகம் வைத்து, பத்திரிகை வாசிக்கக் கற்றுக்கொடுத்த இயக்கம் நம்முடையது. இன்று அவற்றில் எத்தனை பூட்டிக் கிடக்கின்றன? எத்தனையில் கேரம்போர்டு மட்டும் ஆடுகிறது? ஒவ்வொரு வட்டத்திலும் ஒரு படிப்பகத்தில், ஓர் அறையில், ஒரு மேசை, ஒரு கேமரா, கண்ணாடி இழை இணைப்பு, இன்வெர்ட்டர், வெள்ளை அடித்த சுவர், இவ்வளவு போதும். ஒரு பொதுக்கூட்டத்துக்கு ஒலிபெருக்கி கட்டும் செலவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். சீரங்கத்தில் மடைப்பள்ளி வேலையை நம்பி வாழும் ஏழைப் பார்ப்பனரின் மகன் வந்து கேட்டாலும் கதவைத் திறங்கள். கோடைக்காலத்தில் நியூயார்க்கில் காலை ஒன்பதரை என்றால் நமக்கு இரவு ஏழு மணி. கேரம் ஆட்டம் சூடுபிடிக்கும் வேளை. அந்த ஒருமணி நேரம் ஆட்டத்தைத் திண்ணைக்கு மாற்றுங்கள். சாவியை வட்டச் செயலாளர் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மாநாட்டுக்குப் போய்விட வேண்டாம். பக்கத்துப் பெட்டிக்கடையில் கொடுத்துவிட்டுப் போகட்டும்.