அடங்கிப்போன மரபணுவும் அளவு மீறிய மரபணுவும்

குடும்பத்தில் யாருக்கும் புற்றுநோய் வந்ததில்லை, அதனால் நமக்கும் வராது என்று நம்பி, மார்பில் தட்டுப்படும் வலியில்லாத கட்டியை மாதக்கணக்கில் விட்டுவைக்கும் பெண்கள் நம்மிடையே இருக்கிறார்கள். இந்த நம்பிக்கைக்கு ஆதாரமே இல்லை. மார்பகப் புற்றுநோயில் பெற்றோர் வழி வந்த மரபணுப் பிழையால் உண்டாவது நூற்றுக்கு 5 முதல் 10 வரைதான். மற்றவர்களுக்குக் கோளாறு பிறந்த பிறகு செல்லுக்குள் நேர்கிறது. எந்த மரபணு எப்போது, எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்ற கட்டுப்பாடு குலைவது அதில் முக்கியமானது. பிஆர்சிஏ1 என்ற மரபணு, சேதமடைந்த டிஎன்ஏவைச் சீர்செய்ய உதவுவது. பிறவியிலேயே அது பழுதாக இருந்தால் ஆபத்து மிக அதிகம். ஆனால் எழுத்து ஒன்றுகூடப் பிசகாத பிஆர்சிஏ1-உம், அதன் தொடக்கப் பகுதியில் மெத்தில் என்ற சிறு வேதிக்கூறு ஒட்டிக்கொண்டால் அடங்கிப்போகும். சேதம் அப்போதும் சேர்ந்துகொண்டே போகும். இதற்கு நேர்மாறானது ஹெர்-2. ஏறத்தாழ 15 முதல் 20 சதவீதக் கட்டிகளில் இந்த மரபணு பல பிரதிகளாகப் பெருகி, செல்லைப் பெருகச் சொல்லி ஓயாமல் தூண்டுகிறது. நோய் பரவுவதற்கும் இத்தகைய குலைவே ஒரு வழி. செல்களை ஒன்றோடொன்று பிடித்துவைக்கும் ஈ-கேடரின் புரதத்தின் மரபணு அடக்கப்பட்டால் பிடி தளர்ந்து, செல்கள் எலும்புக்கும் நுரையீரலுக்கும் கல்லீரலுக்கும் கிளம்புகின்றன. உயிரைப் பறிப்பது பெரும்பாலும் இந்தப் பரவல்தான்.

கட்டுப்பாடுதான் குலைகிறது என்றால் மூலிகையாலும் உணவாலும் அதைத் திருத்திவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு; அப்படிச் சொல்லி விற்பவர்களும் உண்டு. உடற்பயிற்சியும் மதுவைத் தவிர்ப்பதும் ஆபத்தைக் குறைக்கும், உண்மை. வந்துவிட்ட கட்டியை அவை கரைக்காது. சிகிச்சையாக நிரூபிக்கப்பட்டவை வேறு: ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உள்ள கட்டிக்கு டமாக்சிபென் போன்ற மாத்திரைகள், ஹெர்-2 மிகுந்த கட்டிக்கு 1998இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற டிராஸ்டுசுமாப். எது யாருக்குப் பொருந்தும் என்பதைத் திசுப் பரிசோதனையில் பார்க்கும் ஈஆர் (ஈஸ்ட்ரோஜன் ஏற்பி), பிஆர் (புரோஜெஸ்டிரோன் ஏற்பி), ஹெர்-2 முடிவுகளே சொல்லும். நோய் வேறிடத்தில் திரும்பி வரும்போது இந்த முடிவுகள் மாறியிருக்கக்கூடும். ஆகவே முடிந்தால் புதிய இடத்திலும் திசு எடுத்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

அந்தத் திசுப் பரிசோதனை அறிக்கை உங்களுடையது. சிகிச்சைப் பதிவேடுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று இந்திய மருத்துவக் கழகத்தின் 2002 விதிமுறை சொல்கிறது. பெற்றோர் வழி வந்த பிழை உண்டா என்று பார்க்கும் மரபணுப் பரிசோதனை செய்தால் காப்பீடு போய்விடும் என்ற அச்சம் அர்த்தமற்றது என்று சொல்ல மாட்டேன். ஆனால் மரபணுக் கோளாறு என்ற விலக்கைக் காட்டி மருத்துவக் காப்பீட்டுக் கோரிக்கையை நிராகரிக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2018இல் நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. மறுத்தால் முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் தீராவிட்டால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்குக் கட்டணம் இல்லை. இளவயதில் நோய் வந்தவர்களும், நெருங்கிய உறவினர் பலருக்கு வந்திருப்பவர்களும் மரபணு ஆலோசனை கேட்டுப் பெறுங்கள். கட்டி தட்டுப்பட்டால் குடும்ப வரலாற்றை எண்ணிக்கொண்டிராமல் இந்த வாரமே மருத்துவரிடம் காட்டுங்கள்.